வாய் திறக்காத வாரம்

தொண்டை கட்டிக்கொண்டால் எங்கள் குப்பத்தில் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. காற்றோடும் அலையோடும் போட்டி போட்டுக் கத்திப் பிழைக்கிறவர்களுக்குத் தொண்டை கட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நானும் அப்படித்தான் இருந்தேன். குரல் போய் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்திருக்கிறேன். என்னைப் போலவே மிளகையும் பனங்கற்கண்டையும் நம்பி உட்கார்ந்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் பெயர் மஞ்சுளா. மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். கரையில் வந்து சேரும் மீனை ஏலம் விடுகிறவள் நான். விடியற்காலையில் ஃபைபர் போட்டுகள் வரும். கூடையைக் கொட்டியதும் விலையைக் கூவ ஆரம்பிப்பேன். வியாபாரிகள் ஏற்றிக் கேட்பார்கள். ஏற்றிக் கேட்க ஆள் இல்லையென்றால் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று முடித்துவிடுவேன். மூன்று தரம் சொல்லிவிட்டால் சொல்லிவிட்டதுதான். அப்புறம் காலில் விழுந்தாலும் மீன் திரும்பாது. போட்டுக்காரர்கள் எனக்குக் கொடுக்கும் கமிஷனும், என் வீட்டுக்காரர் ஏழுமலை கடலில் இருந்து கொண்டுவருவதும் சேர்ந்துதான் எங்கள் குடும்பம் ஓடுகிறது. மகள் சுவேதா பொத்தேரி பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

பொங்கல் முடிந்து குரல் கரகரக்க ஆரம்பித்தது. பனி என்று நினைத்தேன். மாசி போய்ப் பங்குனி வந்த பிறகும் கரகரப்பு போகவில்லை. ஏலத்தில் பாதி விலை வாயிலிருந்து வரும், பாதி காற்றாகப் போகும். கோவளத்திலிருந்து மீன் எடுக்க வரும் யூசுஃப் பாய்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னார். இருபது ரூபாய்க்குக்கூட என்னோடு மல்லுக்கு நிற்கிற ஆள் அவர்.

“இன்னாம்மா மஞ்சுளா, நீ இன்னா வெல சொல்றன்னே புரியல. இது சளி இல்ல. போய்க் காட்டு.”

“ஒன் காதுல கோளாறு பாய். நீ போய்க் காட்டு” என்றேன். வாய் அப்படிச் சொன்னதே தவிர, உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். காரணம் என் அப்பா. அவருக்கும் கரகரப்பில்தான் தொடங்கியது. பீடிதான் காரணம் என்று சிரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தொண்டையில் புற்று என்றார்கள். போவதற்கு முன்னால் பேச்சே நின்று, கையைத் தட்டித்தான் எங்களைக் கூப்பிட்டார். நான் பீடி குடிக்கிறவள் இல்லை. ஆனால் ஏலம் விடும் நேரமெல்லாம் வாயில் வெற்றிலையும் புகையிலையும் இருக்கும். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லாமல் ராத்திரியெல்லாம் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். ஏதாவது கட்டி தட்டுப்படுகிறதா என்று.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். காது மூக்கு தொண்டைப் பிரிவு வாசலில் பெஞ்சு கொள்ளாத கூட்டம். காதில் பஞ்சு வைத்தவர்கள், மூக்கை உறிஞ்சுகிறவர்கள், மடியில் அழுகிற குழந்தையோடு அம்மாக்கள். கூட வந்த என் வீட்டுக்காரர் நின்றுகொண்டே இருந்தார். கடலில் அலை எவ்வளவு வந்தாலும் அசையாத மனுஷன், அங்கே யாராவது நடந்து போனால்கூடத் திடுக்கிட்டு ஒதுங்கினார்.

உள்ளே டாக்டர் அபிநயா என்று ஒரு பெண். மேற்படிப்புப் படித்துக்கொண்டே வேலை பார்க்கிறவர், என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். தொண்டை மரத்துப்போக ஏதோ கசப்பாகத் தெளித்தார். பிறகு வலைத்துணியால் என் நாக்கைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு, நுனியில் கேமரா வைத்த ஒரு கம்பியை வாய்க்குள் விட்டு, “ஈன்னு சொல்லுங்கக்கா” என்றார். நாக்கு அவர் கையில் இருக்கும்போது நான் எங்கே ஈ சொல்வது? ஏதோ ஒரு சத்தம் வந்தது. பக்கத்து டிவியில் என் தொண்டையின் உட்புறம் தெரிந்தது. இரண்டு வெள்ளைப் பட்டைகள் கதவு மாதிரி திறந்து திறந்து மூடின. அவைதான் குரல் நாண்களாம். மூச்சுவிடும்போது திறக்குமாம், பேசும்போது இரண்டும் சேர்ந்து அதிருமாம். அந்த அதிர்வுதான் குரலாம். என்னுடைய வலது பக்கத்து நாணில் தயிர் ஒட்டியது போல ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது.

“இது என்னன்னு பாத்து மட்டும் சொல்ல முடியாதுக்கா. மயக்கம் குடுத்து எடுத்து, டெஸ்டுக்கு அனுப்பணும். சாதாரணமாவும் இருக்கலாம்.”

“சாதாரணமா இல்லன்னா?”

“அதுக்கும் வைத்தியம் இருக்கு. முதல்ல ரிசல்ட் வரட்டும்.”

பொய் சொல்லாத டாக்டர் என்று அப்போதே தெரிந்தது. பொய் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் தோன்றியது.

அட்மிஷன் போட்டு ரத்தம், நெஞ்சுப் படம், இசிஜி எல்லாம் எடுத்தார்கள். இசிஜி என்பது நெஞ்சில் ஒயர் ஒட்டி இதயத் துடிப்பைக் காகிதத்தில் வரைவது. மயக்கம் கொடுக்கலாமா என்று பார்ப்பதற்கு. எல்லாம் சரி என்று ஆன பிறகு டாக்டர் அபிநயா என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தார். அவர் ஓர் ஆராய்ச்சி செய்கிறாராம். குரல் நாணில் ஆபரேஷன் ஆனவர்கள் சில நாள் வாய் பேசக் கூடாது, புண் ஆற வேண்டும். எத்தனை நாள் பேசாமல் இருந்தால் நல்லது என்பதுதான் கேள்வி. ஒரு பிரிவினர் ஒரு வாரம் முழுக்கப் பேசக் கூடாது. இன்னொரு பிரிவினர் மூன்று நாள் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம். யார் எந்தப் பிரிவு என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும்.

“எது நல்லதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டேன்.

“உறுதியாத் தெரியாதுக்கா. அதனாலதான் ஆராய்ச்சி.”

“தெரியாதத எங்க கழுத்துல செஞ்சு பாக்கறதா?”

அவர் கோபப்படவில்லை. “ரெண்டுமே இப்ப எல்லா எடத்துலயும் செய்யறதுதான். ஆபத்தானது எதையும் உங்களுக்குத் தர மாட்டோம். இஷ்டம் இல்லன்னா வேணாம்னு சொல்லலாம், வைத்தியம் ஒண்ணும் குறையாது. நடுவுலகூட விலகிக்கலாம்.”

வீட்டுக்காரர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். “வாணாம் மஞ்சு. நம்ம வச்சி இன்னாமோ பண்றாங்கோ” என்றார். எனக்கும் பயம்தான். ஆனால் நாக்கைப் பிடித்து இழுத்தபோது அந்தப் பெண் இன்னொரு கையால் என் தலையைத் தடவிக்கொடுத்ததை நினைத்துப் பார்த்தேன். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் எனக்கு ஒரு வாரம் கொடுத்தது. என்னைப் பார்க்க வந்திருந்த சுவேதா விழுந்து விழுந்து சிரித்தாள். “அம்மா ஒரு வாரம் பேசாம இருக்கப் போவுதா? கம்ப்யூட்டருக்கு நைனா லஞ்சம் குடுத்துட்டாரு” என்றாள். அவர்கூடச் சிரித்தார்.

ஆபரேஷன் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பச்சைத் துணி, பெரிய விளக்கு, கையில் ஊசி. கண் திறந்தபோது நாக்கு தடித்துக் கிடந்தது, தொண்டையில் முள் குத்தியது போல வலி. “அக்கா, பேசக் கூடாது. கிசுகிசுன்னு பேசறதும் கூடாது. கிசுகிசுத்தா நாணுக்கு இன்னும் சிரமம். கனைக்கவும் கூடாது” என்றார் டாக்டர் அபிநயா. பிறகு என் கழுத்துக் குழியில் பொத்தான் அளவுக்கு ஒரு கருவியை ஒட்டி, அதன் ஒயரை இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியில் மாட்டினார். நாம் பேசுவதை அது பதிவு செய்யாதாம். தொண்டை எப்போது அதிர்கிறது, எவ்வளவு நேரம் அதிர்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுமாம். குளிக்கும்போது கழற்றலாம். தூங்கும்போதும் இருக்க வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் கருங்குழியிலிருந்து வந்த ஓர் அம்மா. காது சவ்வில் ஓட்டை என்று ஆபரேஷன் ஆகித் தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது. அவளுக்குக் கேட்காது, எனக்குப் பேச முடியாது. அந்த வார்டிலேயே சண்டை வராத இரண்டு கட்டில்கள் எங்களுடையவைதான். அவள் மட்டும் விடாமல் பேசுவாள், மருமகளைத் திட்டுவாள். நான் தலையாட்டுவேன். “நீதாண்டி என்னைப் புரிஞ்சிக்கினவ” என்று சொல்லி எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள்.

யூசுஃப் பாய் ஒரு நாள் ஃபிளாஸ்க்கில் கஞ்சியோடு வந்து நின்றார். நோன்புக் கஞ்சி மாதிரி, காரம் இல்லாமல் வீட்டில் செய்யச் சொல்லியிருக்கிறார். “ஒன் நாத்தனா ஏலம் வுடுது. சொன்ன வெலைக்குக் குடுத்துடுது. சண்டையே இல்ல. பேஜாரா கீதும்மா” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதில் சொல்ல முடியாதது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தேன். டெஸ்டுக்குப் போன துண்டின் ரிசல்ட், வாரம் முடிந்து கருவியைக் கழற்ற வரும்போது தெரியும் என்றார்கள். சுவேதா என் செல்லில் ஒரு ஏற்பாடு செய்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போனாள். நான் எழுத்தடித்தால் அதை ஒரு பெண் குரல் படித்துச் சொல்லும். அந்தக் குரலுக்குக் கோபமும் தெரியாது, சிரிப்பும் தெரியாது. ‘யோவ், குழம்பில் உப்பு இல்லை’ என்று நான் அடித்தால், ரயில் எத்தனையாவது பிளாட்பாரத்தில் வரும் என்று அறிவிப்பது போல அது சொல்லும். முதல் தடவை கேட்டபோது அவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

ஆமாம், சமையல் அவர்தான். அந்த வாரம் அவர் கடலுக்கே போகவில்லை. சங்கரா மீன் நல்ல பாடு, வலை நிறைய வருகிறது என்று மற்ற போட்டுகள் எல்லாம் போய்க்கொண்டிருந்தன. இவர் குழைந்த சோறும் பருப்பும் ஆக்கி, ஆறவைத்து, தட்டை என் முன்னால் வைத்துவிட்டு நான் விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் இருமப் போனால் அவர் முகம் செத்துவிடும். வந்து பார்க்கிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, “அது பேசாது, பாத்துட்டுப் போங்கோ” என்று அனுப்பிவிடுவார்.

பகலை எப்படியாவது தள்ளிவிடலாம். படுத்தால்தான் பயம் வரும். பேசாமல் இருக்கிறபோது மனசுக்குள் பேச்சு ஓயவே ஓயாது. ரிசல்ட் இப்படி வந்தால் என்ன, அப்படி வந்தால் என்ன? குரல் பெட்டியையே எடுத்துவிட்டால் ஏலம் யார் விடுவார்கள்? சுவேதாவின் படிப்பு? அப்பா மாதிரி கையைத் தட்டிக் கூப்பிடுவேனா? இதையெல்லாம் அவரிடம் செல்லில் அடித்துக் காட்டலாம் என்று எடுப்பேன். அந்தப் பெண் குரலில் இதைக் கேட்க எனக்கே தைரியம் இல்லை, வைத்துவிடுவேன். அவரும் ரிசல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எப்படியோ தூங்கிப்போய்விடுவேன். காலையில் எழும்போது அவர் கண் மட்டும் சிவந்திருக்கும்.

வாரம் முடிந்து செங்கல்பட்டுக்குப் போனோம். டாக்டர் அபிநயா என் கழுத்திலிருந்து கருவியை எடுத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினார். சிரித்துக்கொண்டிருந்தவர் முகம் மாறிவிட்டது. திரையை என் பக்கம் திருப்பினார். பகல் நேரமெல்லாம் கோடு தட்டையாகக் கிடந்தது. ஆனால் வீட்டுக்குப் போன நாளிலிருந்து தினமும் விடிவதற்கு முன்னால், எங்கள் கரையில் ஏலம் தொடங்கும் நேரத்தில், கோடு எழும்பி எழும்பி விழுந்திருந்தது. ஒன்றிரண்டு இருமல் இல்லை. நீளமாக.

“அக்கா, நான் திட்டல. ஆனா உண்மையச் சொல்லணும். காலையில பேசினீங்களா? ஏலத்துக்குப் போனீங்களா?”

இல்லை என்று தலையை வேகமாக ஆட்டினேன். டாக்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. செல்லை எடுத்து அடித்தேன். ‘சத்தியமா நான் ஒரு வார்த்தை பேசல. என் பொண்ணு மேல ஆணை’ என்று அந்தப் பெண் குரல் நிதானமாகப் படித்தது. பொய் சொல்கிறவள் பேசுவது போலவே இருந்தது. அழுகை வந்துவிட்டது. அழுதால் தொண்டை அதிரும் என்று அதையும் அடக்கினேன். புண் ஆறாமல் கெட்டுப்போயிருக்குமோ, இந்தப் பெண்ணின் ஆராய்ச்சியையும் கெடுத்துவிட்டேனோ, இதையெல்லாம் செய்தது யார் என்று ஒன்றும் புரியவில்லை.

சுவரோரம் நின்றிருந்த அவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“அது பேசலம்மா. தூக்கத்துல பேசிச்சி.”

டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

“தெனம் விடிகாலைல ஏலம் வுடும்மா. கண்ணு மூடிக்கினுதான் கீது. ஆயிரம், ஆயிரம்னு கூவும். முன்ன மாதிரி கொரலு, நல்லா இருந்திச்சி.”

“ஏன் எழுப்பல?”

“திடுக்குனு எழுந்தா கத்தும். கத்துனா புண்ணு பிச்சிக்குமோன்னு பயந்துட்டேன். சொன்னா அப்பறம் தூங்கவே தூங்காதுன்னு இதுங்கிட்டயும் சொல்லல.”

“சரி. ஆனா இவ்வளவு நேரம் போயிருக்கே. தூக்கத்துல பேசறவங்க கொஞ்ச நேரத்துல நிறுத்திடுவாங்களே?”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முறுக்கினார். டாக்டர் காத்திருந்தார்.

“அது ஒரு தரம்னு சொல்லிச்சி. ரெண்டு தரம்னு சொல்லிச்சி. அடுத்தது மூணு தரம் சொல்லிடப் போவுதேன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சி. சொல்லிட்டா அவ்ளோதான், போனது போனதுதான். இன்னா மீனுன்னு அது சொல்லவே இல்ல. எனக்கு இன்னா தோணிச்சின்னா...” அவர் நிறுத்திக்கொண்டார். “அதான் நானே ஏத்திக் கேட்டேன்.”

“ஏலத்துலயா?”

“ஆமா. பக்கத்துல படுத்துக்கினு நூறு நூறா ஏத்துனேன். நான் கேட்டா அது மறுபடி கூவும். மறுபடி ரெண்டு தரம்னு வரும். நான் ஏத்துவேன். விடியற வரைக்கும் வுடல. நேத்து பதினெட்டாயிரம் வரைக்கும் போச்சி.”

டாக்டர் அபிநயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது, வாய் திறக்க அனுமதி இல்லை. செல்லைத் தொடவும் மனசில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நாக்கைப் பிடித்து மறுபடியும் கேமரா விட்டார்கள். பெரிய டாக்டரும் வந்து பார்த்தார். இரண்டு கதவும் சுத்தமாக இருந்தன. புண் ஆறிவிட்டது, கொஞ்சம் சிவப்பு மட்டும்தான். தூக்கத்தில் பேசுகிறவர்களா என்று ஆராய்ச்சியில் யாரையும் கேட்கவில்லை, இனி எல்லாரையும் கேட்க வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அதன் பிறகுதான் பெரிய டாக்டர் மேசையிலிருந்த காகிதத்தைப் பிரித்தார். அவர் படித்து முடிக்கும் வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது.

“புற்று இல்லம்மா. ஆனா இப்படியே விட்டிருந்தா பின்னால மாறியிருக்கலாம். புகையிலை இனிமே கூடவே கூடாது. சொல்ற தேதிக்கெல்லாம் வந்து காட்டணும். ஏலம் விடறதுக்கு இன்னும் நாள் ஆகும், பேச்சுப் பயிற்சி குடுப்பாங்க.” காகிதத்தை மடித்தார். “இப்ப மெதுவா, சாதாரணமாப் பேசலாம். ஏதாவது சொல்லுங்க, கேப்போம்.”

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். டாக்டர் அபிநயா “ஆன்னு சொன்னாலும் போதும்க்கா” என்றார். நான் சுவரோரம் நின்றிருந்தவர் பக்கம் திரும்பினேன்.

“பதினெட்டாயிரம் அவ்ளோதானாய்யா?”

கரகரப்பே இல்லை. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, அந்த ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.